அன்ட்ரியாஸ் வெசாலியஸ் (1514 – 1564)

மாணவர்களே, இதயத்தின் இடது சோணையறைக்கும் இடது இதயவறைக்கும் இடையே உள்ளது இருகூர் வால்வு எனக் கற்றிருப்பீர்கள். இதற்கு மைட்ரல் வால்வு என்றும் பெயருண்டு. இலத்தீனில் மித்ரா என்பது தலையணி. பின்னர் அச்சொல் ஆயர் அணியும் இரு கூர்களுள்ள முடியைக் குறித்தது. இவ்வால்வை அம்முடிக்கு ஒப்பிட்டவர் வெசாலியஸ்.

பிரசல்ஸ் நகரில் பிறந்த இவர், 1537 இல் இத்தாலியின் பாடுவாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று அங்கேயே ஆசிரியரானார். அக்காலத்தில் 2 ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களை ஆசிரியர் வாசிப்பார். உடலை வெட்டுபவர் வேறொருவர். வெசாலியஸ் தாமே வெட்டிக் காட்டினார். கேலன் பெரும்பாலும் குரங்கு முதலிய விலங்குகளையே ஆராய்ந்தவர் என்பதை உணர்ந்தார். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு என்புகளாலன்றி ஒரே என்பாலானது எனத் திருத்தினார். 1543 இல் மனித உடலமைப்புப் பற்றிய இவரது இலத்தீன் நூல் பாசல் நகரில் அச்சாகியது.

இதயவறைகளைப் பிரிக்கும் சுவரிலுள்ள நுண்துளைகளினூடாகக் குருதி செல்வதாகக் கேலன் கூறியிருந்தார். முதற் பதிப்பில் இதனை மறுக்கத் தயங்கிய வெசாலியஸ், 1555 ஆம் ஆண்டுப் பதிப்பில் தமது ஐயத்தை வெளிப்படையாக எழுதினார். எருசலேம் யாத்திரையிலிருந்து திரும்புகையில் சாகிந்தோஸ் தீவில் இறந்தார். 1628 இல் வில்லியம் ஹார்வி குருதிச் சுற்றோட்டத்தை விளக்கியபோது அத்துளைகளுக்குத் தேவையே இருக்கவில்லை.

இதயத்தின் படத்தை வரையும்போது ஆயரின் முடியை நினைவிற் கொள்ளுங்கள். இரு கூருள்ள வால்வு இடப்புறம், முக்கூர் வால்வு வலப்புறம் என்பது மறவாது.