மூளை ஆபரேஷன் செய்த சீர்காழி டாக்டர்

திருவையாற்றுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகள் அங்கே ஓடுகின்றன. நம் மூளைக்குள்ளும் இப்படி ரத்த ஆறுகள் ஓடுகின்றன!

அந்த ஆறுகளைக் காக்கும் வைத்தியத்தைத் தமிழ்நாட்டில் வளர்த்தவர்களில் ஒருவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. அவரும் காவிரிச் சீமைக்காரர்தான். 1922-ல் சீர்காழியில் பிறந்தார். தந்தையும் டாக்டர். திருச்சியில் பள்ளிப் படிப்பு. சென்னையில் மருத்துவப் படிப்பு. 1947-ல் எடின்பரோவில் எப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றார். இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் மூளை ஆபரேஷன் பழகினார்.

அயல்நாட்டிலேயே தங்கவில்லை. ஊர் திரும்பினார். 1950-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அதற்கு முந்தின ஆண்டுதான் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்த வைத்தியத்தைத் தொடங்கியிருந்தார். நாடு முழுவதிலும் இந்தத் துறைக்கு டாக்டர்கள் விரல் விட்டு எண்ணும் அளவே!

ரத்தக் குழாய்ப் புடைப்பு

சைக்கிள் டியூபில் நைந்த இடம் புடைக்கும் அல்லவா? மூளை ரத்தக் குழாயும் அப்படிப் புடைப்பதுண்டு. வெடித்தால் உயிருக்கே ஆபத்து. குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையை 1927-ல் போர்ச்சுகல் டாக்டர் மோனிஸ் கண்டுபிடித்தார். 1937-ல் அமெரிக்க டாக்டர் டாண்டி, புடைப்பின் கழுத்தில் சிறு கிளிப் போட்டு அடைத்தார்.

இதில் ஒரு சிக்கல். குழாய்களின் அமைப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. சிலருக்கு ஒரு பக்கக் குழாய் ஒடுங்கியிருக்கும். மறு பக்கக் குழாயே இரு பக்கத்துக்கும் ரத்தம் கொடுக்கும். அந்தச் சந்திப்பில் புடைப்பு உண்டாவதும் அதிகம். எந்த வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்று பாராமல் மடையை அடைத்தால் வயல் காய்ந்து போகும். மூளையும் அப்படித்தான்!

இந்தியாவில் இந்த நோய் எவ்வளவு என்று ஆராய்ந்து, 1969-ல் ராமமூர்த்தி கட்டுரை வெளியிட்டார். மேல்நாடுகளை விடக் குறைவாகவே அப்போது தெரிந்தது. பின்னாளில் நல்ல கருவிகள் வந்தபின், இங்கும் இது அபூர்வமல்ல என்று புலப்பட்டது.

1973-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. அரசுப் பணிக்குப் பின் அடையாறு வி.எச்.எஸ். ஆஸ்பத்திரியில் தொண்டைத் தொடர்ந்தார். 2003-ல் மறைந்தார்.

இன்று மண்டையைத் திறக்காமலே, தொடை ரத்தக் குழாய் வழியே மெல்லிய கம்பிச் சுருள் அனுப்பியும் பல புடைப்புகளை அடைக்கிறார்கள். ஆனால் நோயாளி நேரத்தோடு வந்து சேர வேண்டும். இதுவரை கண்டிராத கடுமையான தலைவலி திடீரென்று இடி போல வந்தால், தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்!