கதை கேட்ட பாலையா

திரைப்பட வரலாற்றை நாயகர்களின் வரலாறாகவே எழுதிப் பழகிவிட்டோம். டி.எஸ். பாலையாவின் வாழ்க்கையை அவ்வாறு எழுத இயலாது. இன்னொருவர் அருகில் நின்றே பெரியவரானவர் அவர்.

நெல்லைச் சீமையின் சுண்டங்கோட்டையில் 1914இல் பிறந்து, இளமையிலேயே நாடக மேடை ஏறியவர். அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி' (1936) அவருடைய முதல் படம். எம்.ஜி.ஆருக்கும் அதுவே முதல் படம். அதில் எம்.ஜி.ஆருக்குச் சிறு வேடம். பாலையாவுக்கோ முக்கிய வில்லன் வேடம். இருபது ஆண்டுகள் கழித்து 'மதுரை வீரன்' வந்தபோது எம்.ஜி.ஆர். நாயகன், பாலையா அப்போதும் வில்லன். இதைத் தேக்கம் என்று நான் கருதவில்லை. சந்தை நாயகனிடம் ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. குணச்சித்திர நடிகரிடம் படத்துக்குப் படம் வேறு முகம் கேட்கிறது. அண்ணாவின் 'வேலைக்காரி'யில் (1949) நாயகனுக்கு வழிகாட்டும் நண்பன் மணி, 'தூக்குத் தூக்கி'யில் (1954) கொச்சைத் தமிழ் பேசும் சேட் என அவர் அதைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

1972இல் மறைந்த அவருக்கு 1964 முதல் 1968 வரையிலான ஆண்டுகளே அறுவடைக் காலம். 'திருவிளையாடல்' படத்தில் பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு வாயசைத்துப் பாண்டியன் அவையையே மிரட்டும் ஹேமநாத பாகவதர், இரவில் ஒரு விறகுவெட்டியின் பாட்டைக் கேட்கிறார். பாணபத்திரர் ஒதுக்கிய சீடனே இப்படிப் பாடினால் பாணபத்திரர் எப்படிப் பாடுவார் என்ற அச்சம் அந்த முகத்தில் படிப்படியாக ஏறுகிறது. பாடுபவர் சிவாஜி; நான் பார்ப்பதோ பாலையாவை. 'தில்லானா மோகனாம்பாள்' தவில் வித்துவான் முத்துராக்குவும் இவ்வகையே. நாகஸ்வரக்காரரின் கோபத்துக்கு அணை போடுவதே அவர் வேலை.

'பாமா விஜயம்' (1967) எனக்குத் தொழில்முறையிலும் பயன்பட்டது. அண்டை வீட்டுக்கு நடிகை குடிவந்ததும் மருமகள்களின் ஆடம்பரம் பெருகிக் குடும்பம் கடனில் மூழ்குகிறது. வரவு செலவுக் கணக்கு அறிந்த குடும்பத் தலைவர் பாலையா தவிக்கிறார். பிறர் நுகர்வைக் கண்டு நம் நுகர்வு கூடும் என்ற டூசன்பெரியின் கோட்பாட்டை நடத்தும்போது இப்படத்தையே எடுத்துக்காட்டுவேன். பாடநூலின் அமெரிக்க உதாரணத்தைவிட மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கியது.

ஆயினும் அவரை என்றும் வாழவைப்பது 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தின் ஒரே காட்சி. தாம் எடுக்கப்போகும் பேய்ப் படத்தின் கதையை, ஒலிகளையும் தாமே எழுப்பியபடி, நாகேஷ் தந்தைக்குச் சொல்கிறார். பாலையா கேட்கிறார், அவ்வளவே. நாகேஷின் மேதைமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அச்சம் முழுவதும் கேட்பவர் முகத்தில்தான் இருக்கிறது. அதை அகற்றிவிட்டால் எஞ்சுவது வெறும் ஓசை. இப்படத்தை ஸ்ரீதரே 1966இல் 'பியார் கியே ஜா' என்று இந்தியில் எடுத்தார். கதை சொன்ன மெஹ்மூதுக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. கேட்டவர் ஓம் பிரகாஷ்.