சுவரைத் தாண்டி மணி அடித்த விஞ்ஞானி

ஆரணியில் பட்டு நெய்யும் வீடு ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். வாசல் பக்கத்து அறையில் வைஃபை பெட்டி. பின்கட்டில் தறி. நெய்து முடித்த புடவையின் முந்தானையை வீடியோவில் வியாபாரிக்குக் காட்ட வேண்டும். அவர் பார்த்துச் சரி என்றால்தான் சரக்கு நகரும். ஆனால் தறி அருகே நின்றால் படம் அசைய மறுக்கிறது. செல்போனில் வட்டம் சுற்றிக் கொண்டே இருக்கிறது. மாதம் தவறாமல் பணம் கட்டுவதோ 100 மெகாபிட் வேகத்துக்கு! மீதி வேகம் எங்கே போயிற்று?

விடை தேடினால், கண்ணுக்குத் தெரியாத அலையைச் சுவருக்குள் அனுப்பிக் காட்டிய ஓர் இந்தியரின் வாழ்க்கைக்குள் நுழைய வேண்டி வருகிறது. அவர்தான் ஜகதீச சந்திர போஸ்.

சம்பளம் வாங்காத பேராசிரியர்

போஸ் 1858-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி, இன்றைய வங்காள தேசத்தில் பிறந்தார். தகப்பனார் பகவான் சந்திர போஸ் சர்க்கார் அதிகாரி. மற்ற அதிகாரிகள் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இவரோ மகனை வங்காளிப் பள்ளியில் சேர்த்தார். உழவர் வீட்டுப் பிள்ளைகளோடும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளோடும் சரிசமமாக உட்கார்ந்து படித்தான் சிறுவன்.

பிறகு கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரி. அங்கிருந்து லண்டனுக்குப் போய் வைத்தியம் படிக்கத் தொடங்கினார். உடம்பு இடம் கொடுக்கவில்லை. கேம்பிரிட்ஜுக்கு மாறி விஞ்ஞானம் படித்தார். 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியர் ஆனார்.

அங்கே ஓர் அநீதி காத்திருந்தது. வெள்ளைக்காரப் பேராசிரியர் வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்குச் சம்பளம். தற்காலிக உத்தியோகம் என்று சொல்லி அதிலும் பாதியைக் குறைத்தார்கள். போஸ் சண்டை போடவில்லை. மூன்று ஆண்டுகள் பாடம் நடத்தினார். சம்பளத்தைத் தொடவே இல்லை. வீட்டிலோ தகப்பனாரின் கடன் பாக்கி! 1887-ல் அபலா அவருக்கு மனைவியாக வந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த பெண் அவர். வறுமையைக் கணவரோடு பங்கிட்டுக் கொண்டார். கடைசியில் சர்க்கார் இறங்கி வந்தது. முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது.

மணி அடித்தது

1894-ல் போஸ் மின் அலைகளைப் பற்றி ஆராயத் தொடங்கினார. தனி ஆராய்ச்சிச் சாலை கிடையாது. கருவிகளை உள்ளூர்த் தொழிலாளியைக் கொண்டே செய்வித்தார். ரெயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே தகரத் தாளைச் செருகி, அதையும் ஒரு கருவியாக்கிக் கொண்டார்!

1895-ல் கல்கத்தா நகர மண்டபத்தில் கூட்டம் கூடியது. போஸ் ஓரிடத்தில் அலையை எழுப்பினார். சுமார் 75 அடி தூரத்தில், சுவருக்கு அப்பால், மணி அடித்தது. வெடி மருந்து வெடித்தது. நடுவில் கம்பி இல்லை. பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

எந்தப் பொருள் அலைக்கு வழி விடும், எது மறிக்கும் என்றும் அவர் ஆராய்ந்தார். வெளிச்சம் நுழையாத செங்கல்லிலும் கீலிலும் அலை நுழைந்தது. வெளிச்சம் நுழையும் தண்ணீரோ அதை மறித்தது. உலோகம் திருப்பி அடித்தது.

மணி வேறு, பேச்சு வேறு

போஸ் எழுப்பிய அலைகளில் மிகச் சிறியதன் நீளம் 5 மில்லி மீட்டர். வைஃபை பெட்டியின் அலை ஒரு வகையில் சுமார் 12 சென்டி மீட்டர். இன்னொரு வகையில் 5, 6 சென்டி மீட்டர். அளவு வேறு, குடும்பம் ஒன்றே. அப்படியானால், போஸின் அலை சுவரைத் தாண்டியபோது, நம் வீட்டு அலை ஏன் தறி வரை போய்த் திணற வேண்டும்?

கோவில் மணி நாலு தெரு தள்ளியும் கேட்கும். அதே தூரத்தில் ஒருவர் பாவுக் கணக்குச் சொன்னால் புரியுமா? மணி அடிக்க அலை வந்து சேர்ந்தாலே போதும். படம் வர, வினாடிக்குப் பல லட்சம் எண்கள் பிழை இல்லாமல் வந்து சேர வேண்டும். செங்கல் வழி விடும். ஆனால் முழுதாக விடாது. மெலிந்து வரும் அலையில் பிழை மிகும். காது மந்தமான தாத்தாவிடம் நிதானமாக, திருப்பித் திருப்பிச் சொல்வது போல, பெட்டியும் செல்போனும் வேகத்தைக் குறைத்துக் கொள்கின்றன.

அதோடு, ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். வீட்டில் நாலு செல்போன் இருந்தால் முறை வைத்துத்தான் கிடைக்கும். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் பக்கத்து வீட்டுப் பெட்டிகளும் பங்குக்கு வரும். கம்பெனி சொல்லும் 100 என்பது பெட்டி வரை வரும் கம்பியின் கணக்கு. அதிலும் 'வரை' என்ற சொல் ஒட்டிக் கொண்டிருக்கும். இன்னொன்று: 100 மெகாபிட் என்றால் 12½ மெகாபைட்தான். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்.

கடைசிக் காலம்

கம்பியில்லாத் தந்தியால் மற்றவர்கள் பெரும் பணம் சேர்த்தார்கள். போஸ் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் விண்ணப்பித்த அமெரிக்க உரிமைப் பத்திரம் 1904-ல் கிடைத்தது. பிறகு அவர் மனம் செடி கொடிகளின் உணர்ச்சியை ஆராய்வதில் சென்றது. 1917-ல் கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1937 நவம்பர் 23-ந் தேதி கிரிதியில் காலமானார். அவருடைய அலைச் சோதனைகளைப் பாராட்டி, உலக மின் பொறியாளர் சங்கமான ஐ.இ.இ.இ. 2012-ல் சிறப்புச் செய்தது.

சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தபோது, குறை எங்கே என்று அறிந்து, அந்த இடத்தில்தான் போஸ் எதிர்ப்பைக் காட்டினார். ஆரணி வீட்டுக்காரரும் அதையே செய்யலாம். மடிக்கணினியைக் கம்பி மூலம் பெட்டியோடு நேராக இணைத்து வேகம் பார்க்கட்டும். அங்கேயே குறைந்தால் கம்பெனியைக் கேட்கலாம். அங்கே சரியாக இருந்தால் குறை வீட்டுக்குள்தான். பெட்டியை இரும்பு பீரோவின் பக்கத்திலிருந்தும் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்திலிருந்தும் எடுத்து, வீட்டின் நடுவில் உயரமாக வைக்கட்டும். தறி வெகு தூரம் என்றால் அதுவரை ஒரு கம்பி இழுத்து விடட்டும்.

முந்தானை வியாபாரியின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.