ஜிம் தோர்ப் என்னும் ஓட்டவீரர்

இலக்கியப் பகுதியிலே விளையாட்டு வீரர் ஒருவரின் சரிதத்தை எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்கும் அமெரிக்க நாட்டு உதைபந்தாட்டத்துக்கும் யாது தொடர்பு என்று வினவுவோரும் இருப்பர். ஜிம் தோர்ப் என்பாரின் வரலாற்றை முதன்முதல் வாசிக்க எடுத்தபோது நானும் விளையாட்டைப் பற்றி அறியும் விருப்பினாலேயே எடுத்தேன். வாசித்து முடித்தபோது என் மனத்தில் நின்றது ஒரு பாடசாலையும், அங்கே ஆசிரியர் நிலையில் இருந்தோர் தம் மாணாக்கருக்குச் செய்ததும் செய்யத் தவறியதுமே. நெடுங்காலம் ஆசிரியத் தொழிலில் இருந்து வருபவன் அதனை எளிதில் மறத்தல் இயலாது. ஆதலின் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முதலில் அவ்வாட்டத்தின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். அமெரிக்கர் உதைபந்தாட்டம் என வழங்குவது நம் பாடசாலை மைதானங்களிலே நாம் காணும் உதைபந்தாட்டம் அன்று. றக்பி ஆட்டத்திலிருந்து கிளைத்த வேறோர் ஆட்டம். பக்கத்துக்குப் பதினொருவராக நின்று பொருதுவர். முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி, எதிரணியின் வரிசையைப் பிளந்துகொண்டு, பற்றி வீழ்த்த வருவோருக்கு அகப்படாமல் முன்னேறி ஓடுவதைத் தொழிலாகக் கொண்டவரை இக்காலத்தார் றன்னிங் பாக் என்பர். தோர்ப்பின் காலத்தார் ஹாப் பாக் என்றனர். அவருக்கு விரைவும் வலிமையும் ஒருங்கே வேண்டும். எந்த இடத்தில் வழி திறக்கும் என்பதை இமைப்பொழுதில் உணரும் நுட்பமும் வேண்டும். அந்நாளில் ஒருவரே பந்தை ஏந்தி ஓடுவார். கோலை நோக்கி உதைப்பார். எதிரணி தாக்கும்போது நின்று மறிப்பார். இவை அனைத்திலும் தலைநின்றவர் தோர்ப்.

அவர் 1887ஆம் ஆண்டிலே, இன்று ஒக்லஹோமா மாநிலம் எனப்படும் நிலப்பரப்பில், சாக்-பொக்ஸ் என்னும் பழங்குடியிற் பிறந்தார். குடிவழக்கப்படி அவருக்கு இடப்பட்ட பெயர் வா-தோ-ஹக் என்பது. ஒளி படர்ந்த பாதை என அதற்குப் பொருள் கூறுவர். அவரோடு இரட்டையராகப் பிறந்த சார்லி ஒன்பதாம் வயதளவில் நோயுற்று இறந்தான். அதன்பின் பள்ளிக்கூடம் அவருக்குக் கசந்தது. பன்முறை அங்கிருந்து தப்பி வீட்டுக்கு ஓடிவந்தார். சில ஆண்டுகளில் தாயும் இறந்தார். 1904இல் தந்தையார் அவரை நெடுந்தொலைவிலுள்ள பென்சில்வேனியா மாநிலத்துக்கு, கார்லைல் என்னும் ஊரிலிருந்த பழங்குடியினர் பாடசாலைக்கு அனுப்பிவைத்தார். அனுப்பிய சிறிது காலத்தில் அத்தந்தையும் காலமானார்.

கார்லைல் பாடசாலையைப் பற்றி இங்கே சொல்லாது விடுதல் ஆகாது. றிச்சர்ட் ஹென்றி பிறற் என்னும் இராணுவ அதிகாரி 1879இல், பழைய படைவீடு ஒன்றிலே அதனை நிறுவினார். பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்தும் ஊரிடமிருந்தும் பிரித்து, அவர்களிடத்துள்ள பழங்குடித் தன்மையை முற்றாகக் களைந்து, வெள்ளையரைப்போல ஆக்குவதே அவருடைய நோக்கம். வந்து சேர்ந்த பிள்ளைகளின் சிகை கத்தரிக்கப்பட்டது. உடை மாற்றப்பட்டது. பெயர் மாற்றப்பட்டது. தாய்மொழியிற் பேசுவது தடுக்கப்பட்டது. பாதி நாள் பாடமும் பாதி நாள் கைத்தொழிலும் நடந்தன. விடுமுறைக் காலத்திலும் ஊருக்கு அனுப்பாது, பலரை வெள்ளையரின் பண்ணைகளிலும் வீடுகளிலும் வேலைக்கு அமர்த்தினர். நோயாற் பலர் மாண்டனர். அங்குள்ள மயானத்திலே பிள்ளைகளின் கல்லறைகள் 180க்கு மேற்பட்டிருந்தன. 2017ஆம் ஆண்டு தொடங்கியே அவ்வெலும்புகளிற் சில அவரவர் குடியினரிடம் ஒப்படைக்கப்பட்டு வருகின்றன. பிள்ளையின் வாயிலிருந்து தாய்மொழியைப் பறிப்பதற்குக் கல்வி என்று பெயர் வைத்த காலம் அது.

அத்தகைய இடத்திலேதான் தோர்ப்பின் ஆற்றல் வெளிப்பட்டது. 1907இல் ஒரு நாள், வேலைக்குரிய உடையோடு மைதானத்தின் ஓரமாகச் சென்றவர், உயரம் பாய்வோர் தாண்ட இயலாது நின்ற கம்பத்தைக் கண்டார். தாமும் ஒருமுறை முயல்வதற்கு அனுமதி கேட்டு, எளிதிலே தாண்டிவிட்டுத் தம் வழியே போனார் என்பர். அப்பாடசாலையின் விளையாட்டுப் பயிற்சியாளர் கிளென் வார்னர். அமெரிக்க உதைபந்தாட்ட வரலாற்றிலே பெரும் பெயர் பெற்றவர். அவர் தோர்ப்பை ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் பயிற்றினார். உதைபந்தாட்டத்தில் விட்டால் உடலுக்கு ஊறு நேருமோ என அஞ்சித் தயங்கினார். தோர்ப் விடாது கேட்கவே, அணியினர் அனைவரையும் களத்தில் நிறுத்தி, பந்தைத் தோர்ப்பிடம் கொடுத்து அவர்களை ஊடறுத்து ஓடச் சொன்னார். ஒருவராலும் அவரைப் பிடிக்க முடியவில்லை. மீண்டும் ஓடச் சொன்னார், அப்போதும் முடியவில்லை. அன்றோடு வார்னரின் தயக்கம் ஒழிந்தது.

பிற்காலத்தில் ஆங்கிலக் கவிதையுலகிற் புகழ்பெற்ற மேரியன் மூர் அக்காலத்தில் கார்லைலில் வர்த்தக பாடங்களின் ஆசிரியையாக இருந்தார். தோர்ப் அவருடைய மாணாக்கருள் ஒருவர். பணிவும் நல்லொழுக்கமும் உடைய மாணாக்கராகவே அவ்வம்மையார் அவரைப் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1909, 1910ஆம் ஆண்டுகளில் தோர்ப் பாடசாலையை விட்டு நீங்கி, வட கரோலினா மாநிலத்திலே சிறிய பேஸ்போல் அணிகளில் சொற்ப ஊதியத்துக்கு ஆடினார். கல்லூரி மாணாக்கர் பலர் கோடை காலத்தில் இவ்வாறு ஆடுவது அந்நாளில் வழக்கமே. அவருட் பலர் புனைபெயரில் ஆடினர். அத்தந்திரத்தை அறியாத தோர்ப் தம் சொந்தப் பெயரிலேயே ஆடினார். இச்சிறு செய்தியைப் படிப்போர் மனத்தில் இருத்துவாராக.

1911இல் அவர் கார்லைலுக்கு மீண்டார். அவ்வாண்டு நவம்பரில், அந்நாட்டின் பேரணிகளுள் ஒன்றாகிய ஹாவார்ட் பல்கலைக்கழக அணியைக் கார்லைல் எதிர்த்தது. காலிற் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே களத்தில் இறங்கிய தோர்ப், நான்கு முறை பந்தைக் கோற்கம்பங்களிடையே உதைத்து அனுப்பினார். பந்தேந்தி ஓடியும் எதிரணியை நிலைகுலைத்தார். கார்லைல் 18க்கு 15 என வென்றது. அப்பருவத்தில் ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களிற் கார்லைல் தோற்றது ஒன்றில் மாத்திரமே.

அடுத்த ஆண்டு 1912. கோடையிலே சுவீடன் நாட்டின் ஸ்டொக்ஹோம் நகரில் ஒலிம்பிக் போட்டி நடைபெற்றது. ஐவகைப் போட்டியில், ஈட்டி எறிதல் ஒழிந்த நான்கிலும் தோர்ப்பே முதல்வர். பத்துவகைப் போட்டியில் 8,412 புள்ளி பெற்று, இரண்டாமவரை ஏறத்தாழ 700 புள்ளியால் விஞ்சினார். போட்டிக்கிடையே அவருடைய பாதணிகள் காணாமற் போயின. ஒன்றுக்கொன்று பொருந்தாத இரு பாதணிகளை அணிந்து ஓடினார். இரண்டு பொற்பதக்கங்களோடு நாடு திரும்பியவரை நியூயோர்க் நகரம் ஊர்வலம் வைத்து வரவேற்றது. பழங்குடியினர் யாவருக்கும் அந்நாட்டின் குடியுரிமை கிடைத்ததோ அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1924இலேயே.

அவ்வாண்டு நவம்பரில் நடந்த ஆட்டம் ஒன்றை இன்றும் அமெரிக்கர் பேசுவர். கார்லைல் மாணாக்கர் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரி அணியை எதிர்த்தனர். பழங்குடியினர் பெருந்தொகையாக இராணுவத்தினராற் கொல்லப்பட்ட வூண்டட் நீ நிகழ்ச்சிக்கு அப்போது இருபத்திரண்டு ஆண்டுகளே கழிந்திருந்தன. அன்று அவ்விளைஞர் கையிலிருந்தது பந்து ஒன்றே. தோர்ப்பின் ஓட்டத்துக்கு எதிர்நிற்க இயலாது இராணுவ அணி 27க்கு 6 எனத் தோற்றது. அவ்வணியில் ஆடி அவரை வீழ்த்த முயன்றோருள் ஒருவர், பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியாகிய ஐசன்ஹோவர். அப்பருவத்தில் மாத்திரம் தோர்ப் எடுத்த புள்ளிகள் 198 என்பது ஒரு கணக்கு. 1911, 1912 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் தலைசிறந்த வீரர் வரிசையில் அவர் பெயர் இடம்பெற்றது.

புகழின் உச்சியிலேயே இடி விழுந்தது. 1913 ஜனவரியில், தோர்ப் முன்னர் ஊதியத்துக்குப் பேஸ்போல் ஆடிய செய்தியைப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. ஊதியம் பெற்றவர் ஒலிம்பிக்கிற் பங்குபற்றலாகாது என்பது அக்காலத்து விதி. எதிர்ப்பு எதுவாயினும் போட்டி முடிந்து 30 நாட்களுக்குள் தெரிவிக்கப்பட வேண்டும் என்பதும் விதியே. ஆறு மாதம் கழிந்திருந்தும் இரண்டாம் விதியை எவரும் எடுத்துப் பேசவில்லை. பாடசாலைத் தலைவரும் வார்னரும் தமக்கு ஒன்றும் தெரியாது என்றனர். இரண்டு கோடைகாலம் தம் தலைசிறந்த மாணாக்கர் எங்கே சென்றிருந்தார் என்பதை வார்னர் அறியாதிருந்தார் என்று வரலாற்றாசிரியர் பலர் நம்பவில்லை. தோர்ப் தம் அறியாமையைக் கூறி மன்னிப்பு வேண்டிய கடிதத்தின் வாசகத்தை வகுத்தவரும் வார்னரே என்பது அவருட் பலரின் கருத்து. கடிதம் சென்றது, மன்னிப்புக் கிடைக்கவில்லை. பதக்கங்கள் திருப்பி அனுப்பப்பட்டன. வார்னரின் பெயருக்கு மாசு நேரவில்லை.

நல்லாசிரியரின் இயல்பைக் கூறப் புகுந்த நன்னூலார் அவருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமையாகக் கூறினார். கற்பிக்கும் திறத்தில் வார்னர் குறைந்தவரல்லர். தோர்ப்பின் ஆற்றலை முதலில் அறிந்தவரும் வளர்த்தவரும் அவரே. மாணாக்கர் வெற்றி பெற்ற நாளிலே பங்கு கொண்டவர், பழி வந்த நாளிலே விலகி நின்றார். துலாக்கோல் சாய்ந்தது அங்கேதான்.

பின்னர்த் தோர்ப் தொழில்முறை ஆட்டக்காரரானார். 1913 முதல் 1919 வரை பெரிய பேஸ்போல் அணிகளிலும் ஆடினாராயினும், அவருடைய உள்ளம் உதைபந்தாட்டத்திலேயே இருந்தது. 1915இல் ஒஹையோ மாநிலத்துக் கன்ரன் நகர அணி, ஆட்டமொன்றுக்கு 250 டொலர் கொடுத்து அவரைச் சேர்த்தது. அத்தொகையைப் பிறர் பைத்தியக்காரச் செலவு என்றெண்ணினர். அவரைக் காணத் திரண்ட கூட்டமோ பன்மடங்கு பெருகிற்று. 1916, 1917, 1919 ஆகிய ஆண்டுகளிற் கன்ரன் அணியே முதன்மை பெற்றது. சிதறிக் கிடந்த தொழில்முறை அணிகள் 1920இல் அந்நகரத்து மோட்டார் விற்பனைச் சாலை ஒன்றிற் கூடிச் சங்கம் அமைத்தபோது, அவருடைய பெயரின் மதிப்பைக் கருதி அவரையே முதற் தலைவராக்கினர். இன்று பெருஞ்செல்வம் புழங்கும் தேசிய உதைபந்தாட்டச் சங்கம் அதன் வளர்ச்சியே.

1922, 1923ஆம் ஆண்டுகளில் அவர் ஊராங் என்னும் அணியை நடத்தினார். ஆட்டக்காரர் யாவரும் பழங்குடியினர். அணியின் உரிமையாளரோ நாய் வளர்த்து விற்கும் வணிகர்; தம் நாய்களுக்கு விளம்பரம் தேடியே அணியை உண்டாக்கினார். ஆட்டத்தின் இடைவேளையிலே அவ்வீரர் இறகு சூடி நடனமாடவும், நாய்களோடு வேடிக்கை காட்டவும் வேண்டியிருந்தது. பாடசாலை களைந்த இறகுகளை வணிகம் மீண்டும் சூட்டியது. அவ்வணி வென்ற ஆட்டங்கள் சிலவே. 1928இல், நாற்பத்தொரு வயதில், சிக்காகோ அணியொன்றில் ஆடியதோடு தோர்ப் களத்தைவிட்டு நீங்கினார்.

எஞ்சிய காலம் வறுமையிலே கழிந்தது. நாட்டைப் பொருளாதார மந்தம் வாட்டிய நாட்களிற் கூலிக்கு மண் வெட்டினார். திரைப்படங்களிலே சிறு வேடங்கள் தாங்கினார். மதுப்பழக்கமும் அவரை வருத்தியது. 1932இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒலிம்பிக் நடந்தபோது நுழைவுச்சீட்டு வாங்க அவரிடம் பணமில்லை. பழங்குடி வழிவந்தவரான உபஜனாதிபதி சார்ள்ஸ் கேர்ட்டிஸ் அவரை அழைத்துத் தம் அருகே அமர்த்தியபோது, மக்கள் எழுந்து நின்று ஆரவாரித்தனர் என்பர். 1950இல் நாட்டின் பத்திரிகையாளர், அரைநூற்றாண்டின் தலைசிறந்த விளையாட்டு வீரராக அவரையே தெரிந்தனர். 1953 மார்ச் 28ஆம் நாள், கலிபோர்னியாவில் மாரடைப்பால் அவர் உயிர் நீத்தார்.

இறந்த பின்னும் அவருக்கு அமைதி வாய்க்கவில்லை. பிறந்த மண்ணிலே குடிவழக்கப்படி நடந்த ஈமக்கிரியையின் இடையே மனைவி உடலைக் கொண்டுசென்றார். பென்சில்வேனியாவில் நலிந்திருந்த இரு சிற்றூர்கள் 1954இல் ஒன்றாகி, ஜிம் தோர்ப் எனத் தம் பெயரை மாற்றிக்கொண்டு அவ்வுடலை ஏற்றன. உடலைத் தம் மண்ணுக்கு மீட்கப் புதல்வர் தொடுத்த வழக்கு 2015இல் தோல்வியில் முடிந்தது. பதக்கங்களின் பிரதிகள் மாத்திரம் 1983இற் பிள்ளைகளிடம் வழங்கப்பட்டன; அப்போதும் அவர் இணை வெற்றியாளராகவே எழுதப்பட்டார். 2022 ஜூலையிலேயே, நூற்றுப்பத்து ஆண்டுகள் கழிந்து, ஒலிம்பிக் ஏட்டில் அவர் தனி முதல்வராக மீண்டும் பதியப்பட்டார். கார்லைல் பாடசாலை 1918இலேயே மூடப்பட்டுவிட்டது.

ஆண்டின் முதற் தவணையிலே புதிய மாணாக்கரின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதும்போது, ஒவ்வொருவரையும் அழைத்து, பெயரைச் சரியாக எழுதியிருக்கின்றேனா என்று கேட்டறிவது இப்போது என் வழக்கமாயிற்று. எழுதிய பின், அவர்களுள் ஒருவர்மேல் என்றேனும் பழி வருமாயின் நான் எங்கே நிற்பேன் என்ற வினாவும் எழுகின்றது. அதற்கு விடையை அந்நாள் வருமுன்னரே ஆசிரியர் தம் உள்ளத்திற் தெளிந்து வைத்திருத்தல் வேண்டும்.