ரோமாபுரியின் தேவதூதன்

திருகோணமலைத் தேவாலயங்களில் பூசை வேளையில் ஆண்களும் பெண்களும் ஒருங்கே பாடுவதைக் கந்தளாயிலிருந்து சென்றுவரும் நம்மவர் பலர் கேட்டிருப்பர். அதிற் புதுமை யாதுமில்லை. ஆயின், கத்தோலிக்க சமயத்தின் தலைப்பீடமாகிய ரோமாபுரியிலே, ஆலயப் பாட்டிற் பெண் குரலுக்கு இடமில்லாதிருந்த காலம் ஒன்றுண்டு. சபையிற் பெண்கள் பேசாதிருத்தல் வேண்டும் என்ற புனித பவுலின் போதனையை அக்காலத்தார் பாட்டுக்கும் பொருத்தினர். சிறுவர் குரல் இனியதுதான். அதுவோ நன்கு தேர்ச்சி பெறும் வேளையில் உடைந்துவிடும். உடையாதிருக்க ஒரு கொடிய வழி கண்டனர். பருவமெய்துமுன் சிறுவனின் ஆண்மையை அகற்றிவிட்டாற் குரல்வளை சிறுத்தே நிற்கும். மார்பு மட்டும் விரிந்து வளரும். பிள்ளையின் குரலும் வளர்ந்தவனின் மூச்சும் ஓருடலில் அமையும். 1599இல் இத்தகையோர் இருவர் பாப்பரசரின் சிஸ்டைன் ஆலயப் பாடகர் குழுவிற் சேர்க்கப்பட்டனர்.

அம்மரபின் கடைசிப் பாடகராக உலகம் அறிந்தவர் அலெஸாந்துரோ மொரெஸ்கி. ரோமாபுரியை அடுத்த மொந்தே கொம்பாத்ரி என்னும் ஊரில் 1858 நவம்பர் 11ஆம் நாள் பிறந்தார். இத்தகைய பாடகர்கள் குறித்து, பன்றி கடித்தது, குதிரையிலிருந்து விழுந்தான், குடலிறக்கத்துக்கு வைத்தியம் என ஏதேனும் ஒரு காரணம் கூறப்படுவது வழக்கம். மொரெஸ்கிக்கும் குடலிறக்கத்தையே சொல்வதுண்டு. அறுத்தவனைத் திருச்சபை விலக்கிவைத்தது. அறுபட்டவனையோ ஊதியம் அளித்து ஏற்றுக்கொண்டது. பிள்ளையின் சம்மதத்தை யார் கேட்டார்?

சிறுவனாகவே ரோமாபுரிக்கு அழைத்துவரப்பட்ட அவர், கப்போச்சி என்னும் ஆசிரியரிடம் பயின்று, 1873 அளவில் லாத்தரன் பேராலயத்தில் முதற் பாடகரானார். 1883இல் பேத்தோவனின் ‘ஒலிவ மலையிற் கிறிஸ்து’ என்ற இசைநாடகத்தில் வானதூதனின் பாட்டைப் பாடினார். மக்கள் அவரை ரோமாபுரியின் தேவதூதன் என்றே அழைக்கலாயினர். அவ்வாண்டே சிஸ்டைன் குழுவிலும் இடம் கிடைத்தது. 1900இல் கொலையுண்ட உம்பெர்த்தோ அரசரின் இறுதிச் சடங்கிலும் அவர் பாடினார்.

புகழின் உச்சியில் நின்றபோதே காலம் மாறிற்று. 1903இல் பத்தாம் பத்திநாதர், உச்சக் குரற் பகுதிகளை இனிச் சிறுவரே பாடுதல் வேண்டும் எனப் பணித்தார். கொடுமை ஒழிந்தது, நன்றே. ஆயினும், அக்கொடுமைக்குத் தம் உடலை ஈந்தவரே இப்போது வேண்டாதவராயினர் என்பதையும் மறத்தற்கில்லை.

இதற்கு ஓராண்டு முன்னர், 1902 ஏப்ரலில், கிராமபோன் கம்பெனியார் வத்திக்கானுக்கு வந்து அவர் குரலை இசைத்தட்டிற் பதிந்தனர். அதே கம்பெனியார் அதே ஆண்டு நவம்பரிற் கல்கத்தாவிற் கௌஹர் ஜானின் பாட்டையும் பதிந்தனர் என்றால், அக்காலம் நமக்கு எத்துணை அண்மையது என்பது விளங்கும். 1904இல் மீண்டும் பதிவு நடந்தது. அவற்றிலே பாக்கும் கூனோவும் அமைத்த ‘ஆவே மரியா’வும் உண்டு. நாற்பதைக் கடந்த குரல். சுருதி சில இடங்களிற் பிசகுகிறது. விம்மலோ எனத் தோன்றும் ஒரு நடுக்கமும் கேட்கிறது. நகைப்போரும் உளர். எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. நூற்றாண்டுகள் பல நிலைத்த அக்கூட்டத்தில் தனித்துப் பாடி இசைத்தட்டிற் குரலை விட்டுச் சென்றவர் இவர் ஒருவரே.

1913இல் மொரெஸ்கி சிஸ்டைன் பணியிலிருந்து ஓய்வுபெற்றார். 1922 ஏப்ரல் 21ஆம் நாள், தமது 63ஆம் வயதில், ரோமாபுரியிற் காலமானார். அந்நகரின் வெரானோ இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.