திரை இங்கே... கணினி எங்கே? கிண்டியில் படித்த ஆர். நரசிம்மனின் கதை

மாம்பலம் ரயில் நிலைய முன்பதிவு கவுண்டரில் விண்ணப்பத்தை நீட்டுகிறீர்கள். ஊழியர் ரயில் எண்ணைத் தட்டியதும் எத்தனை பெர்த் காலி என்று திரையில் வந்துவிடுகிறது. ஆனால், அந்தக் கணக்கு அவர் மேசையில் இருக்கும் பெட்டிக்குள் இல்லை. அடையாறில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒருவர் ஆபீஸ் ‘விர்ச்சுவல் டெஸ்க்டாப்’பில் லாகின் செய்கிறார். அவருடைய ஃபைல்களும் லேப்டாப்பில் இல்லை. தொலைவில் ஏதோ ஒரு சர்வரில் இருக்கின்றன.

மென்பொருளும் தகவலும் மையக் கணினியில் இருக்க, நம் முன்னால் திரை, கீபோர்டு, இணைப்பு ஆகியவை மட்டும் இருந்தால் அந்தச் சாதனத்துக்குப் பெயர் ‘தின் கிளையன்ட்’. பழைய ‘டெர்மினல்’தான் இதன் தாத்தா. நிறைய வசதி உண்டு. ஒரு சிக்கலும் உண்டு. மையக் கணினி நின்றால் எல்லாத் திரையும் நிற்கும். அப்போ, அந்த மையத்தைக் கட்டவும் பராமரிக்கவும் யாருக்குத் தெரியும்? இந்தியாவில் அந்தக் கேள்விக்குப் பதில் உருவான கதையில் முக்கியமான பெயர், சென்னையில் பிறந்த ரங்கசாமி நரசிம்மன்.

கிண்டியிலிருந்து மும்பைக்கு...

நரசிம்மன் பிறந்தது 1926-ல். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் படித்தார். பிறகு அமெரிக்கா சென்று கால்டெக்கில் முதுநிலைப் பட்டமும், இண்டியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1954-ல் நாடு திரும்பி, ஹோமி பாபா நிறுவிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, கணினி ஒன்றை உருவாக்குவது. கையில் இருந்தது ஒரு சின்ன இளைஞர் குழு. அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் கணினியைத் தொட்டதே இல்லை. முதலில் ஒரு மாதிரி இயந்திரம் செய்து பார்த்துவிட்டு, பிறகு முழுக் கணினியில் இறங்கினார்கள். 1960-ல் அது முறைப்படி இயங்கத் தொடங்கியது. சுமார் 2,700 வெற்றிடக் குழாய்கள் கொண்ட அந்த இயந்திரத்துக்கு, 1962-ல் நேரு ‘டிஃப்ராக்’ என்று பெயர் வைத்தார்.

அதன் நினைவகம் 40 பிட் கொண்ட 2,048 சொற்கள். இன்றைய கணக்கில் வெறும் 10 கிலோபைட். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு போட்டோகூட அதில் அடங்காது. வேகத்தில் மேல்நாட்டு இயந்திரங்கள் அதற்குள் முன்னே போய்விட்டன என்பதும் உண்மை. ஆனால் கணினியைத் திறந்து, கோளாறைக் கண்டுபிடித்து, மறுபடி ஓட வைக்கத் தெரிந்த ஒரு தலைமுறை அந்த அறையில்தான் உருவானது.

அந்தக் காலத்தில் கணினி உங்களைத் தேடி வராது. நீங்கள்தான் அதைத் தேடிப் போக வேண்டும். கணக்கைத் துளையிட்ட தாளில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, விடைக்குக் காத்திருக்க வேண்டும்.

ஒரே கணினி, பல திரைகள்

1960-களின் தொடக்கத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போன நரசிம்மன், படங்களைக் கணினி எப்படிப் பகுத்து அறியலாம் என்று ஆராய்ந்தார். அந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவராக இன்றும் அவர் மதிக்கப்படுகிறார். 1965-ல் தொடங்கிய இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே.

அதே காலத்தில் உலகம் வேறொரு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய கணினியின் நேரத்தைத் துண்டு துண்டாக்கிப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கும் ‘டைம் ஷேரிங்’ முறை வந்தது. டெர்மினல் முன் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் கணினி தனக்கே சொந்தம் என்று தோன்றும். 1970-களில் ஐ.நா. உதவியுடன் மும்பையில் அமைந்த தேசிய மென்பொருள் மையத்தை நரசிம்மன் வழிநடத்தினார். அங்கே இயங்கிய டெக்-10, இப்படிப் பலர் பகிர்ந்து பயன்படுத்திய கணினி.

ஐபிஎம் போனபோது...

அப்போது இந்திய அலுவலகங்களில் இருந்த பெரிய கணினிகளில் கணிசமானவை ஐபிஎம் நிறுவனத்தின் வாடகை இயந்திரங்கள். பழுதானால் அவர்கள்தான் வந்து பார்க்க வேண்டும். 1975 டிசம்பரில், கணினிப் பராமரிப்புக்கென்றே மத்திய அரசு ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தது. அதுதான் சிஎம்சி. முதல் தலைவர் நரசிம்மன்.

அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி பங்குகளைக் குறைத்துக்கொள்ள மறுத்து, 1978-ல் ஐபிஎம் நாட்டைவிட்டு வெளியேறியது. இயந்திரங்கள் இங்கேயே நின்றன. அவற்றைத் தொடர்ந்து ஓட வைத்தது சிஎம்சி. ‘கணினி ரிப்பேர் கம்பெனி’ என்று லேசாக நினைத்துவிடக் கூடாது. மையக் கணினியை நம்பி ஒரு நாடு வேலை செய்ய வேண்டுமென்றால், இதுதான் முதல் படி.

கவுண்டருக்கு வந்த திரை

அடுத்த படி ரயில்வே. அதுவரை முன்பதிவு என்றால் தடித்த பேரேடுதான். எந்த ரயிலின் பேரேடு எந்த கவுண்டரில் இருக்கிறதோ, அங்கேதான் வரிசையில் நிற்கணும். 1985-ல் டெல்லியில் சிஎம்சி உருவாக்கிய கணினி முன்பதிவு சோதனையாகத் தொடங்கியது. நடுவில் வாக்ஸ் கணினிகள், கவுண்டர்களில் டெர்மினல்கள். பெர்த் பட்டியல் ஒரே இடத்தில் இருந்ததால், எந்த கவுண்டரிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் எடுக்க முடிந்தது. ஒரே பெர்த்தை இரண்டு பேருக்கு விற்கும் குளறுபடிக்கும் இடம் குறைந்தது.

1987-ல் சென்னைக்கும் இந்த வசதி வந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999-ல் ஒரே வலைப்பின்னலில் இணைந்தன. 2002-ல் ஐஆர்சிடிசி இணையதளம் வந்தபோது, கவுண்டரில் இருந்த திரை நம் வீட்டுக்கே வந்துவிட்டது.

இதை நரசிம்மன் தனியாகச் செய்யவில்லை. சிஎம்சி பொறியாளர்களும் ரயில்வே ஊழியர்களும் சேர்ந்து செய்த வேலை இது. ஆனால், அப்படி ஒரு வேலையை எடுத்துச் செய்யும் நிறுவனம் இங்கே இருந்ததற்கு, தொடக்கத்தில் அதற்குத் தலைமை தாங்கிய அவரும் ஒரு காரணம்.

கடைசி ஆண்டுகள்

1977-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. பிற்காலத்தில் பெங்களூருவில் வாழ்ந்தபடி, மனிதர்கள் மொழியை எப்படிக் கற்கிறார்கள், எழுத்தறிவு என்பது என்ன என்ற ஆய்வுகளில் மூழ்கினார். 2007-ல் காலமானார். சிஎம்சியும் பிறகு டாடா குழுமத்தின் கைக்குப் போய், 2015-ல் டிசிஎஸ்ஸுடன் இணைந்துவிட்டது.

நமக்கு இதில் என்ன?

இன்று பேங்க், ஆபீஸ், ஆஸ்பத்திரி என எல்லாமே ‘கிளவுட்’டில்தான். ஃபோனும் லேப்டாப்பும் எவ்வளவு ஸ்மார்ட்டாக இருந்தாலும், பல வேலைகளில் அவை வெறும் டெர்மினல்தான். சர்வர் டவுன் ஆனால் காத்திருப்பதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை. எனவே ஒரு புதிய சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது திரை அழகாக இருக்கிறதா என்பதோடு, மேலும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். மையக் கணினி யார் கையில் இருக்கிறது? நின்றால் யார் சரி செய்வார்கள்? அவர்கள் நாளை விலகிவிட்டால் நம் தகவல் என்ன ஆகும்? 1978-ல் இதே கேள்விகள் வந்தபோது, பதில் சொல்ல இங்கே ஆட்கள் தயாராக இருந்தார்கள்.