மூன்றாம் எண் சட்டை

வடசென்னைக்காரர்களுக்குப் பந்து என்றால் கால்பந்துதான். அதிலும் எங்கள் கொடுங்கையூர், வியாசர்பாடி பக்கம் கேட்கவே வேண்டாம்! கூடைப்பந்துக் கம்பம் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தின் மூலையில், வலை அறுந்து, வெறும் வளையத்தோடு நிற்கும். அப்படி ஒரு வளையத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டிராஜன் பெட்ரோவிச் ஞாபகம் வந்துவிடும். யார் அவர் என்கிறீர்களா? சொல்கிறேன்.

ராயபுரத்துக்குத் துறைமுகம் போல, எண்ணூருக்குத் தொழிற்சாலைகள் போல, இரண்டும் சேர்ந்த ஒரு ஊர் ஐரோப்பாவில் இருக்கிறது. ஏட்ரியாட்டிக் கடலோரத்தில் உள்ள அந்த ஊரின் பெயர் ஷிபெனிக். அங்கேதான் 1964 அக்டோபர் 22 அன்று டிராஜன் பிறந்தார். அப்பா ஜோவன் போலீஸ்காரர். அம்மா பிசெர்கா நூலகத்தில் வேலை பார்த்தார். அப்போது அந்த ஊர் யூகோஸ்லாவியா என்ற நாட்டில் இருந்தது. இன்று வரைபடத்தில் அந்த நாட்டைத் தேடினால் கிடைக்காது. குரோஷியா, செர்பியா, ஸ்லோவேனியா என்று பல நாடுகளாகப் பிரிந்துவிட்டது. ஷிபெனிக் இப்போது குரோஷியாவில் இருக்கிறது.

அண்ணன் அலெக்சாண்டர் கூடைப்பந்து வீரர். அண்ணன் செய்வதைத் தம்பியும் செய்ய வேண்டுமே! ஆனால் இந்தத் தம்பி கொஞ்சம் அதிகமாகவே செய்தான். ஊர் எழுந்திருக்கும் முன்பே எழுந்து அரங்கத்துக்குப் போய்விடுவான். 500 முறை பந்தை வளையத்தில் எறிந்து பார்த்த பிறகுதான் பள்ளிக்கூடம். மாலையில் மறுபடியும் பயிற்சி. 15 வயதிலேயே ஊர் அணியான ஷிபெங்காவில் பெரியவர்களோடு களம் இறங்கிவிட்டான்.

1983ல் நடந்ததைக் கேளுங்கள். தேசிய சாம்பியன் பட்டத்துக்கான கடைசிப் போட்டி. எதிரணி போஸ்னா. ஷிபெங்கா ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருக்க, ஆட்ட நேரம் முடிந்துவிட்டது. ஆனால் எதிரணி தவறு செய்ததாகச் சொல்லி, டிராஜனுக்கு இரண்டு ப்ரீ த்ரோ கொடுத்தார் நடுவர். மற்ற வீரர்கள் யாரும் தடுக்காமல், நின்ற இடத்திலிருந்து எறிவதற்குப் பெயர்தான் ப்ரீ த்ரோ. யாரும் தடுக்க மாட்டார்கள், சரி. அரங்கமே உற்றுப் பார்க்கும்போது 18 வயதுப் பையனுக்குக் கை நடுங்காதா? நடுங்கவில்லை. இரண்டும் உள்ளே! 83-82. சின்ன ஊர் விடிய விடியக் கொண்டாடியது. மறுநாளே கூடைப்பந்து சம்மேளனம் நடுவரின் முடிவு தவறு என்று சொல்லி வெற்றியை ரத்து செய்தது. மறுபடி விளையாட வேண்டும் என்றது. ஷிபெங்கா மறுத்தது. பட்டம் போஸ்னாவுக்குப் போய்விட்டது.

அதன்பிறகு ஒரு வருடம் ராணுவ சேவை. 1984ல் ஜாக்ரெப் நகரத்தின் சிபோனா அணியில், அண்ணனோடு சேர்ந்துகொண்டார். 1985, 1986 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் ஐரோப்பியக் கோப்பை சிபோனாவுக்கே. 1985 அக்டோபரில் ஒரே போட்டியில் 112 புள்ளிகள் எடுத்தார். நூற்றுப் பன்னிரண்டு! உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அன்று எதிரணி தன் முக்கிய வீரர்களை இறக்க முடியாமல் சின்னப் பையன்களைத்தான் அனுப்பியிருந்தது. அந்தக் கணக்கை விட்டாலும், 1989ல் ரியல் மாட்ரிட் அணிக்காக ஓர் ஐரோப்பிய இறுதிப் போட்டியில் 62 புள்ளிகள் எடுத்தாரே, அதற்கு யாரும் குறை சொல்ல முடியாது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். களத்தில் டிராஜன் எதிரணி வீரர்களைக் கேலி செய்வார், சீண்டுவார். அதனால் அவரைப் பிடிக்காதவர்களும் ஐரோப்பாவில் நிறையப் பேர் இருந்தார்கள்.

1989ல் அமெரிக்கா போனார். உலகின் மிகப் பெரிய கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் போர்ட்லாந்து அணி. ஐரோப்பாவின் ராஜா அங்கே என்ன செய்தார் தெரியுமா? பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்! 48 நிமிட ஆட்டத்தில் முதல் வருடம் சராசரியாக 12 நிமிடம்தான் கிடைத்தது. அடுத்த வருடம் 7 நிமிடமாகக் குறைந்தது. ஐரோப்பியர்கள் அமெரிக்க வேகத்துக்குத் தாங்க மாட்டார்கள் என்ற எண்ணம் அப்போது பலருக்கு இருந்தது. ஊருக்குத் திரும்பியிருந்தால் மாலை போட்டு வரவேற்றிருப்பார்கள். அவர் திரும்பவில்லை. வேறு அணிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார். 1991 ஜனவரியில் நியூஜெர்சி நெட்ஸ் அணிக்கு மாறினார். முதுகில் 3 என்ற எண்.

அங்கே நேரம் கிடைத்தது. எடை தூக்கி உடம்பை வலுவாக்கிக்கொண்டார். பயிற்சிக்கு முதலில் வந்து கடைசியில் போகிறவர் அவர்தான். 1991-92ல் ஆட்டத்துக்குச் சராசரி 20.6 புள்ளிகள். அடுத்த வருடம் 22.3. தொலைவிலிருந்து எறிந்து மூன்று புள்ளி எடுப்பது கடினம். அவரோ நூற்றுக்கு 45 முறை அதைச் சரியாகப் போட்டார். 1993ல் அந்தத் தொடரின் மிகச் சிறந்த 15 வீரர்களில் ஒருவராகத் தேர்வானார்.

இதற்கு நடுவே ஒரு சோகம். யூகோஸ்லாவிய அணியில் டிராஜனுக்கு விலாடே டிவாச் என்று ஒரு நண்பர். வெளியூர் போட்டிகளில் இருவருக்கும் ஒரே அறை. அமெரிக்காவுக்கும் ஒரே வருடத்தில்தான் போனார்கள். பெஞ்சில் உட்கார்ந்து மனம் நொந்த நாட்களில் டிராஜன் பேசியது டிவாச்சிடம்தான். 1990ல் அர்ஜென்டினாவில் யூகோஸ்லாவியா உலகக் கோப்பையை வென்றது. வெற்றிக் கொண்டாட்டத்தில் ஒரு ரசிகர் குரோஷியக் கொடியோடு களத்துக்குள் ஓடி வந்தார். வெற்றி மொத்த நாட்டுக்கும் சொந்தம் என்று நினைத்த டிவாச், கொடியைப் பிடுங்கிவிட்டார். டிவாச் செர்பியர். டிராஜன் குரோஷியர். சாதாரண நாளாக இருந்தால் மறந்திருப்பார்கள். ஆனால் அடுத்த ஆண்டே நாடு உடைந்து போர் மூண்டது. டிவாச் பேச முயன்றார். டிராஜன் முகம் கொடுக்கவில்லை.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் புதிய நாடான குரோஷியாவுக்காக ஆடினார். இறுதிப் போட்டியில் மைக்கேல் ஜோர்டான், மேஜிக் ஜான்சன் எல்லாம் இருந்த அமெரிக்க அணி. குரோஷியா தோற்றது. ஆனால் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அன்று டிராஜன் எடுத்தது 24 புள்ளிகள்.

1993 ஜூன் 7. போலந்தில் குரோஷிய அணிக்காக ஆடிவிட்டுத் திரும்பும் வழி. மற்ற வீரர்கள் விமானத்தில் போக, டிராஜன் மட்டும் ஜெர்மனியில் காரில் ஏறினார். நல்ல மழை. அவர் முன் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார். சீட் பெல்ட் போடவில்லை. சறுக்கி வந்து சாலையை அடைத்து நின்ற ஒரு லாரி மீது கார் மோதியது. காரில் இருந்த மற்ற இருவரும் காயங்களோடு பிழைத்தார்கள். டிராஜனுக்கு வயது 28.

அதே ஆண்டு நவம்பரில் நெட்ஸ் அணி மூன்றாம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்தது. ஜாக்ரெப்பில் சிபோனாவின் அரங்கத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். இன்று என்.பி.ஏ.வில் ஐரோப்பிய வீரர்கள் கொடிகட்டிப் பறக்கிறார்கள். அந்தக் கதவைத் தட்டித் திறந்த முதல் சிலரில் டிராஜனும் ஒருவர்.

டிவாச் என்ன ஆனார்? பல ஆண்டுகள் கழித்து, ஓர் ஆவணப்படத்துக்காக ஜாக்ரெப் போனார். 2010ல் அந்தப் படம் வெளிவந்தது. அங்கே டிராஜனின் அம்மாவைப் போய்ப் பார்த்தார். பிறகு கல்லறைக்கு நடந்தார். நண்பர்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் ஒரு பழைய புகைப்படத்தை அங்கே வைத்துவிட்டு வந்தார்.